நாலு வருஷமாகப் பாடாக் ஸ்டாண்ட்: செங்கோட்டைச் சாரலில் என் அனுபவம்

செங்கோட்டையிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் பைக்கில் புனலூர் போய்வருகிறேன். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு தாண்டி, தென்மலை வழியாக இறங்கும் பாதை. ஜூனில் சாரல் பிடித்தால் ஆகஸ்ட் வரை ரோடு காயாது. அந்த நாள்களில் வீட்டுக்கு வந்து செயினைத் தொட்டால், மணலும் லூபும் (செயினுக்கு அடிக்கும் மசகு எண்ணெய்) குழைந்து கறுப்புப் பசையாக விரலில் ஒட்டும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செய்கிற செயின் வேலையை மழைக்காலத்தில் அதற்கு முன்பே செய்துவிட வேண்டியிருக்கிறது.

என் வண்டி கேடிஎம் டியூக் 250. சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. ஒரு சாண் செயினைத் துடைத்துவிட்டு வண்டியை அரை அடி தள்ளுவேன், மறுபடி குனிந்து துடைப்பேன். ஆறு மாசம் இப்படி ஓட்டிவிட்டுத்தான், பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துகிற பாடாக் ஸ்டாண்ட் வாங்கினேன். இப்போது நாலு வருஷம் ஆகிறது. ஸ்டாண்டைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. அதை நிறுத்துகிற இடமும் மாட்டுகிற விதமும்தான் வண்டியைக் காப்பாற்றுகின்றன என்பதை வண்டி ஒருமுறை விழுந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

முதலில் இருந்தது எல் வடிவ ரப்பர் பிடி. ஸ்விங்ஆர்முக்கு, அதாவது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பிக் கைக்கு, அடியில் கொடுத்துத் தூக்கும் வகை. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்றுதான் அதை வாங்கினேன். ஓர் ஆடி மாசத்துச் சாயங்காலம், எங்கள் வீட்டுப் போர்டிகோவில் நிறுத்தித் தூக்கினேன். சிவப்பு ஆக்சைடு தரை, மழைத்தண்ணி வடிய வாசல் பக்கம் லேசாகச் சரிவு விட்டிருக்கிறது. அக்கா மகன் எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். "மாமா, இந்தப் பக்கம் ரப்பர் சரியா ஏறல" என்று அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் வலது பிடி நழுவிவிட்டது. இடப்பக்கம் சாய்ந்திருந்தால் சைடு ஸ்டாண்ட் தாங்கியிருக்கும். வலப்பக்கம் தாங்க எதுவும் இல்லை. பிரேக் லீவர் ஒடிந்தது, ஹேண்டில் முனை சுவரில் இடித்துக் காரை பெயர்ந்தது. பையன் விலகிவிட்டான். அவன் கால் அதற்கடியில் மாட்டியிருந்தால் என்ற நினைப்பில் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அந்த ரப்பரை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். போன தடவை அடித்த செயின் லூப் தெறித்து மெழுகு மாதிரி படிந்திருந்தது. ஸ்விங்ஆர்மின் அடியிலும் அதே வழவழப்பு. ஈரத் தரை, சரிவு, எண்ணெய் ரப்பர் என்று மூன்றும் ஒரே நாளில் சேர்ந்திருக்கின்றன.

மறுவாரமே ஸ்விங்ஆர்மின் இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்குகிற பாபின் என்ற குமிழ்களை வாங்கி மாட்டி, ஸ்டாண்டில் எல் பிடியைக் கழற்றி, அந்தக் குமிழைத் தாங்குகிற வி வடிவக் கொக்கி போட்டேன். ஸ்விங்ஆர்மில் பாபினுக்கென்று துளை இருக்கிற வண்டிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கேடிஎம்முக்கு 10 மில்லிமீட்டர் போல்ட், யமஹாவுக்குப் பெரும்பாலும் 6. கடையில் சும்மா "பாபின் கொடுங்க" என்று கேட்காமல் வண்டி மாடலைச் சொல்லிக் கேளுங்கள். ஸ்விங்ஆர்ம் அலுமினியம் என்பதால் முதல் நாலு சுற்றைக் கையாலேயே திருகுங்கள். எடுத்ததும் ஸ்பேனர் போட்டால் புரி கெட்டுப்போகும்.

இப்போது தூக்குவது வீட்டுக்குள், சமமான சிமெண்ட் தரையில்தான். சைடு ஸ்டாண்டை வெளியே விட்டபடியே, இடப்பக்கம் நின்று, இடது கையால் பின்சீட்டுப் பிடியைப் பிடித்து வண்டியை நேராக்குவேன். இரண்டு கொக்கியும் பாபினுக்கு அடியில் உட்கார்ந்ததா என்று குனிந்து கண்ணால் பார்த்த பிறகே ஸ்டாண்டை அழுத்துவேன். அழுத்தும்போது வண்டி ஓரிரு அங்குலம் பின்னால் நகரும், அதற்குப் பயந்து கையை விட்டுவிடக் கூடாது. தூக்கி முடித்ததும் பழைய சைக்கிள் டியூப் துண்டால் முன் பிரேக் லீவரை இழுத்துக் கட்டுவேன். பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. முன் சக்கரத்தைப் பிடித்து வைக்க அந்தக் கட்டு ஒன்றுதான் உண்டு.

பின் சக்கரத்தைக் கழற்றுவதற்கு ஒரு யோசனையை எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி சொன்னார்: "தூக்குறதுக்கு முன்னாடியே ஆக்ஸில் நட்ட இளக்கி வச்சிருங்க. மேல வச்சுக்கிட்டு ஸ்பேனர மிதிச்சீங்கன்னா வண்டி ஸ்டாண்டோட சேந்து போயிரும்." திரும்ப மாட்டும்போதும் அப்படித்தான், கடைசி முறுக்கு சக்கரம் தரையில் இருக்கும்போது.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். துணியின் ஒரு நூல் ஸ்பிராக்கெட் பல்லில் சிக்கினால் விரலும் கூடவே போய்விடும், கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. சாவியை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மண்ணெண்ணெயும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் ஊற்றினால் செயினுக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

முன் ஸ்டாண்ட் நான் வாங்கவில்லை. முன் டயர் மாற்ற எப்படியும் கடைக்குத்தான் போகிறேன். வாங்குகிறவர்கள் பின்னால் தூக்கிய பிறகே முன்னால் தூக்குங்கள், இறக்கும்போது முன்னதை முதலில் இறக்குங்கள்.

நாலு வருஷத்தில் ஸ்டாண்டின் வெல்டிங் எதுவும் விடவில்லை. மூன்று மழைக்காலத்தில் அடிக்கம்பியில் பெயிண்ட் உரிந்து துரு ஏறியது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். அகலம் சரிசெய்யும் போல்ட் தானாக இளகுகிறது. அதனால் தூக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு கை வைத்துப் பார்க்கிறேன். நைலான் சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, தூக்கும்போது இழுபடுகிறது. புதுச் சக்கரம் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், சாரல் தொடங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும்.