மட்டக்களப்பிலிருந்து மலைக்கு: பண்டாரவளை வாழ்க்கை எப்படிப் போகிறது

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை: "மலைநாட்டுப் பக்கம் போய் இருந்து வேலை செய்ய எந்த இடம் நல்லம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் கணினி வேலை செய்யும் இளையவர்கள். கம்பனி கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும், வேலை மடிக்கணினியில் நடக்கும். சனி, ஞாயிறுகளில் ஏறி இறங்க மலை வேண்டும், சித்திரை வெயிலிலிருந்து தப்பவும் வேண்டும். நானும் இதே ஆசையோடுதான் 2021இல் வெளிக்கிட்டேன். நமது மாவட்டத்தில் மலை என்று காட்ட குடும்பிமலையை விட்டால் வேறென்ன இருக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பண்டாரவளையில் இருக்கிறேன், இன்னும் சில வருடம் இருப்பதாகவும் உத்தேசம். அழகில் அது முதலிடம் இல்லை. வேலை நாளில் தொல்லை தராத இடம், அவசரமென்றால் அதே நாளில் மட்டக்களப்புக்கு இறங்கக்கூடிய இடம் என்ற இரண்டு காரணங்களுக்காகத்தான் அதைப் பிடித்தேன். கிழக்கிலிருந்து போகிறவர் கொழும்புக்காரருடைய பட்டியலைப் பார்த்து ஊர் தெரிவு செய்யக்கூடாது. அவருக்குக் கிட்ட உள்ள மலை நமக்குத் தூரம்.

வீடு எடுக்குமுன் ஒவ்வொரு ஊரிலும் அறை எடுத்துக் கொஞ்சநாள் தங்கி, அங்கிருந்தே வேலை செய்து பார்த்தேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். தை, மாசி விடியலில் சில நாட்களில் புல்லில் உறைபனி பிடிக்கும். நம் உடம்புக்கு ஒரு கிழமை சுகம், அதற்குமேல் தண்டனை. ஏப்ரல் சீசனில் வாடகையும் வாகன நெரிசலும் சொல்லி மாளாது. ஹட்டன் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ் பேசிக்கொண்டே முழு நாளும் ஓட்டலாம், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை பக்கத்தில். ஆனால் தென்மேல் பருவமழை அடித்து ஊற்றுகிற பக்கம் அது. மட்டக்களப்பிலிருந்து போய்ச் சேர்வதே ஒரு நாள் வேலை.

எல்ல வெறும் 1,041 மீட்டர்தான், காலநிலை அருமை. ஆனால் அங்கே எல்லாம் சுற்றுலாப் பயணியின் கணக்கு. நல்ல அறை எல்லாம் நாள் வாடகைக்குப் போய்விடும், மாத வாடகை கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இரவு பாட்டுச் சத்தத்தில் கூட்டம் நடத்துவது கஷ்டம். ஹப்புத்தளை மலைமுதுகில் இருக்கும் ஊர், இரண்டு பக்கமும் பள்ளம். பார்க்க அதைவிட அழகான ஊர் இல்லை என்றே சொல்வேன். ஆனால் பின்னேரம் மூன்று மணிக்கு மேகம் சன்னலால் உள்ளே வரும், துணி காயாது, மடிக்கணினிப் பைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பதுளை 680 மீட்டர். குளிருக்காக வருகிறவர் ஏமாந்து போவார். கந்தோர், பெரிய ஆஸ்பத்திரி, பஸ் வசதி பார்த்து வருகிறவருக்கு நல்ல ஊர். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் பதுளையைத்தான் சொல்கிறேன்.

பண்டாரவளை இவற்றுக்கு நடுவில், 1,200 மீட்டருக்குச் சற்று மேலே. பகலில் சட்டையோடு திரியலாம், இரவில் போர்வை வேண்டும், மின்விசிறியே வேண்டாம். ரயில் நிலையம் ஊருக்குள். ஹப்புத்தளைக்கும் எல்லவுக்கும் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் நடைக்குப் போய்விடலாம். தியத்தலாவையில் ஆதார வைத்தியசாலை. இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

சரி, வீதிக்கு வருவோம். இதைப் பற்றித்தான் ஒருவரும் எழுதுவதில்லை. செங்கலடிச் சந்தியில் திரும்பினால் கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை என்று ஒரே வீதி. ஏ5 என்று போடப்பட்டிருப்பது இதுதான், மறுமுனை பேராதனையில். படுவான்கரை வயலில் தொடங்கி, காட்டுக்குள்ளால் போய், பிபிலை தாண்டியதும் மலையேறத் தொடங்கும். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு இன்னும் கொஞ்சம். விடிய வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். மட்டக்களப்பு - பதுளை பஸ்ஸும் ஓடுகிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இரண்டே சொல்: புல்லுமலைக்கும் மகா ஓயாவுக்கும் இடையில் பொழுதுபட்ட பிறகு ஓடாதீர்கள், யானை நிற்கும். லுணுகலைக்கும் பசறைக்கும் இடையிலான இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் இரண்டாம் கியரில் இறங்குங்கள். 2021 மார்ச்சில் பசறை பதின்மூன்றாம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது நினைவிருக்கும். வழியில் மகா ஓயா வெந்நீர் ஊற்றில் கால் நனைத்துவிட்டுப் போவது என் வழக்கம். அம்பாறைக்காரருக்கு இன்னும் இரண்டு வழி உண்டு. உகணை வழியாக மகா ஓயாவுக்கு வந்து இதே வீதியில் ஏறலாம். அல்லது சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாய என்று போய் எல்லப் பக்கமாக ஏறலாம். இரண்டாவது வழியில் ஏற்றம் கடைசித் துண்டில் மட்டும்தான், ஆனால் அது செங்குத்து.

வேலைக்கு வருவோம். பைபர் இணைப்பு ஊருக்குள் தாராளமாகக் கிடைக்கிறது, வேகத்தில் மட்டக்களப்புக்கும் இங்கேயும் வித்தியாசம் தெரியவில்லை. சிக்கல் ஊருக்கு வெளியே. அழகான வீடுகள் எல்லாம் மலை மறைவில் இருக்கும், அங்கே கம்பியும் வராது, கைபேசிச் சிக்னலும் இரண்டு கோட்டுக்குமேல் ஏறாது. விளம்பரத்தில் "வைபை வசதி" என்று போட்டிருப்பார்கள். வீடு பார்க்கப் போகும்போது மடிக்கணினியைக் கொண்டுபோய், அந்த மேசையில் வைத்து, காணொளி அழைப்பு ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு முற்பணத்தைப் பற்றிப் பேசுங்கள். மழை இடியென்றால் கரண்ட் போகும். 2022இல் நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது வாங்கிய பெரிய பற்றரியும் இன்வேட்டரும் இன்றும் என்னைக் காப்பாற்றுகின்றன. ரௌட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம்.

கம்பனி கொழும்புக்குக் கூப்பிட்டால், பாதை சரியாக இருக்கும் நாட்களில் ரயில் இருக்கிறது. 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த அதே பாதைதான். ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரையில் நிலையத்துக்குக் கீழாலேயே தண்டவாளம் சுற்றி வருவது, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொல என்று முதல் தடவை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கலாம். நாலாவது தடவை தூங்கிவிடுவீர்கள். வேலை விஷயமாகப் போகிறவருக்கு இரவு பஸ்தான் சரி.

இனி மழை. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். மாரியில் மட்டக்களப்பில் வெள்ளம், அதனால் மலைக்குப் போய்விட்டால் தப்பலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பதுளை, பண்டாரவளை எல்லாம் அடங்கிய ஊவாப் பக்கத்துக்கும் மாரி நம்முடைய மாரிதான். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று நம்மை நனைத்துவிட்டு இந்த மலைகளில்தான் போய் மோதுகிறது. வாவி பெருகும் அதே கிழமையில் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வரும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி என்று எங்கும் மலை சரிந்தது, மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்து போனது. அந்த நாட்களில் ஊரில் வெள்ளம், இங்கே வீதி அடைப்பு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கவலைப்பட்டுக்கொண்டு கிடந்தோம். அம்மா போனில், "மனே, நீ இறங்கி வராத, நாங்க மேட்டிலதான் இரிக்கம்" என்று சொன்னபோது சிரிப்பும் வந்தது. மலையில் இருப்பவனுக்கு வாவிக்கரையிலிருந்து ஆறுதல்.

ஆகவே வீடு பார்க்கும்போது காட்சியைப் பார்க்காமல் சரிவைப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் இருந்தால், அது எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். சுவரில் சாய்வாக ஓடும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், மழைக்குப் பிறகு புதிதாக ஊறும் கலங்கல் தண்ணீர் எல்லாம் கெட்ட குறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடுகிறது. பிரதேச செயலகப் பிரிவின் பெயரோடு வரும் என்பதால், உங்கள் பிரிவின் பெயரை முதல் நாளே தெரிந்து வையுங்கள். சிவப்பு என்றால் பொருள் கட்ட நேரமில்லை, வெளியேற வேண்டும்.

பண்டாரவளைக்கென்று தனியாக ஒன்றும் உண்டு. உமா ஓயா நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது தண்ணீர் உள்ளே கசிந்து, சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. மக்கள் வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். 120 மெகாவாட் மின்நிலையம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டாயிற்று. இன்றும் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை, தாங்கி எவ்வளவு பெரியது, கிணறு இருந்தால் ஆவணியில் எப்படி. என் வீட்டுக்கார அம்மா ஒளிக்காமல் சொன்னார்: "தம்பி, தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் வரும். தொட்டி பெருசு, பயப்படாதீங்க." அந்த நேர்மைக்காகவே அட்வான்ஸ் கொடுத்தேன்.

நடை பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஆனால் எல்லப் பாறை, சின்னச் சிவனொளிபாதம் பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். அங்கே இருந்து வாழ்கிறவனுக்கு வேறு பாதைகள் பிடித்துப் போகும். ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து லிப்டன் இருக்கைக்கு விடியற்காலையில் நடந்தால் பத்து மணிக்கு முன் முகில் மூடுவதற்குள் இறங்கிவிடலாம். இதல்கஸ்ஹின்னவிலிருந்து ஹப்புத்தளைக்கு மலைமுதுகால் வரும் பாதை என் வாராந்த மருந்து. நமுனுகுல 2,000 மீட்டருக்கு மேலே, பசறைப் பக்கம். அதற்குத் துணையோடு போங்கள். இப்போது பீக்கோ ட்ரெயில் என்று கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையை 22 துண்டாகக் குறித்திருக்கிறார்கள். பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள்தான். பண்டாரவளையில் இருந்தால் ஊவாத் துண்டுகள் பலவற்றைக் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பும் நடையாக முடிக்கலாம்.

உகந்தையிலிருந்து குமண காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நடந்த கால் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. சமதரையில் எத்தனை நாள் நடந்தாலும் முழங்காலுக்கு இறக்கம் பழகாது. முதல் சில மாதங்கள் ஏறுவதைவிட இறங்குவதில்தான் வலி. மழைக்காலத்தில் அட்டை. சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்த்துக்கொண்டு போவார்கள், ஓரளவு பயன்தான். அட்டைக்குப் பயப்படுவதைவிடக் குளவிக்குப் பயப்படுங்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது மலையகத்தில் ஓயாத செய்தி. மரத்தில் கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்புங்கள், வாசனை பூசிக்கொண்டு போகாதீர்கள். ஆடி, ஆவணியில் காட்டுத்தீ வேறு. புல்வெளி எரிகிற மணம் வந்தால் அன்றைக்கு நடை இல்லை.

அந்த ஆடி, ஆவணிதான் எனக்கு இங்கே பிடித்த காலம். தென்மேல் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. மட்டக்களப்பை வாட்டி எடுக்கும் அதே கச்சான் காற்றுதான். ஆனால் இங்கே அது குளிர்ச்சியும் வறட்சியுமாக வீசி, ஊவாத் தேயிலைக்கு அந்தப் பெயர் போன மணத்தைக் கொடுக்கிறது. ஊரில் எல்லோரும் வியர்த்துக் கிடக்கும்போது தோட்டத்து 'ஸ்டோர்' (தேயிலைத் தொழிற்சாலை) பக்கம் காற்றோடு வரும் வாசனையை முகர்ந்துகொண்டு நடப்பதில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் உண்டு.

தோட்டப் பாதையில் நடக்கிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அது பூங்கா இல்லை, ஆட்கள் வேலை செய்யும் இடம். கங்காணியிடமோ காவல்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்கிற பழக்கத்தை எப்படித்தான் நம் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்களோ தெரியாது. நம் தமிழைக் கேட்டதும் அவர்களுக்கு ஒரு சந்தோசம், "தம்பி மட்டக்களப்பா?" என்று உடனே பிடித்துவிடுவார்கள். 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்தோம், லய அறைகள் இன்னும் இருக்கின்றன. சனிக்கிழமை பொழுதுபோக்குக்கு மலையேற வருகிறவன் அதைப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது.

சாப்பாடு? காய்கறிக்குக் குறைவில்லை, வாரச் சந்தையில் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் புதிதாகக் கிடைக்கும். மீன்தான் பிரச்சினை. ஐஸில் வந்த மீனை வாவி இறால் சாப்பிட்டு வளர்ந்தவன் எப்படிச் சாப்பிடுவது! ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஐஸ் பெட்டியும் இரண்டு சட்டி எருமைத் தயிரும் ஏற்றி வருகிறேன். பசறை வளைவுகளில் தயிர்ச் சட்டியைக் காப்பாற்றுவது தனிக்கலை.

செலவு பற்றிக் கேட்டால், வாடகை மட்டக்களப்பு நகரத்தைவிடக் கொஞ்சம் கூட, எல்லவைவிட நன்றாகவே குறைவு. சிலர் ஒரு வருட முற்பணம் கேட்பார்கள். ஆறு மாதத்துக்குப் பேசிப் பாருங்கள், அதையும் கார்த்திகையில் தொடங்குகிற மாதிரிப் பாருங்கள். மாரியில் அந்த வீட்டில் இருந்து பார்த்தவருக்கு மற்ற ஆறு மாதத்தைப் பற்றிக் கேள்வி வராது. வயதான தாய் தகப்பனைத் தனியே விட்டு வருகிறவர்களுக்கும், கடல் பார்க்காமல் ஒரு கிழமை தாங்காதவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். என் உடன்படிக்கை அடுத்த சித்திரையில் முடிகிறது. இரண்டாவது தண்ணீர்த் தாங்கி வைத்துத் தருவதாக வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார், வைத்தால் புதுப்பிப்பேன். இல்லாவிட்டால் இதே ஊரில் தியத்தலாவைப் பக்கமாக வேறு வீடு பார்க்க வேண்டியதுதான்.