கீழ் ஞானப்பல் ஆபரேஷன், திருச்சி - என்னோட அனுபவம்

வலது கீழ்ப்பக்கம் ஞானப்பல் படுத்தவாக்குல மொளச்சு முன்னாடி பல்ல முட்டிக்கிட்டு கெடந்துச்சு, ஆறு மாசத்துல மூணு தடவ ஈறு வீங்கி வாயே தொறக்க முடியல. மொதல்ல போன ஒரு எடத்துல சின்ன எக்ஸ்ரே ஒண்ண பாத்துட்டு இப்பவே எடுத்துரலாம்னு ஊசிய கையில எடுத்துட்டாங்க, வேற மாத்திர எதாச்சும் சாப்புடுறியான்னு கூட கேக்கல. பயந்து எந்திரிச்சு வந்துட்டேன்.

அப்புறம் தில்லைநகர் பக்கம் வாய் தாடை ஆபரேஷன் மட்டும் பண்ற ஒரு டாக்டர்ட்ட போனேன். அவர் முழு தாடையும் தெரியுற ஓபிஜி எக்ஸ்ரே எடுக்க சொல்லி, ஸ்கிரீன்ல போட்டு எனக்கே காட்டுனாரு. கீழுதட்டுக்கு உணர்ச்சி குடுக்குற நரம்பு போற குழாய்க்கு ரெண்டு பக்கமும் வெள்ள கோடு இருக்கணுமாம், எனக்கு வேர் நுனிகிட்ட மேல் கோடு அறுந்து தெரிஞ்சுச்சு, வேரும் அங்க கருப்பா இருந்துச்சு. அதனால தாடைய 3டில காட்டுற சிபிசிடி ஸ்கேன் எடுத்து பாத்துட்டுதான் கைய வைப்பேன்னுட்டாரு. ஸ்கேன்ல வேருக்கும் நரம்புக்கும் நடுவுல மெல்லிசா எலும்பு இருந்துச்சு. ரொம்ப ஒட்டியிருந்தா பல்லு தலைய மட்டும் வெட்டிட்டு வேர உள்ளயே விட்டுருவாங்களாம். கீழுதடு மரத்துப்போகலாம், பெரும்பாலும் வாரத்துலயோ மாசத்துலயோ திரும்பிரும், ரொம்ப கொஞ்சம் பேருக்கு அப்படியே நின்னுரும்னு ஒளிக்காம சொல்லி, தமிழ்ல இருந்த ஃபார்ம வாசிச்சு காட்டுனதுக்கு அப்புறம்தான் கையெழுத்து.

ஆபரேஷன் முக்கால் மணி நேரம், வலி இல்ல. ஆனா மூணாம் நாள் ராத்திரி காது வரைக்கும் தெறிக்குது, வாயில நாத்தம், மாத்திர கேக்கவே இல்ல. பத்து மணிக்கு ஃபோன் பண்ணா டாக்டரே எடுத்து காலைல எட்டு மணிக்கு வாங்கன்னாரு. பல்லு எடுத்த குழியில ரத்தக்கட்டி கரைஞ்சு எலும்பு வெளிய தெரிஞ்சா ட்ரை சாக்கெட், அதுதான் எனக்கு. சிகரெட் குடிச்சீங்களான்னு கேட்டாரு, ரெண்டாம் நாள் ஒண்ணு குடிச்சேன்னு உண்மைய சொன்னேன், திட்டல. சலைன் விட்டு கழுவி கிராம்பு தைலம் வாசம் அடிக்கிற மருந்த வச்சாரு, அரை மணி நேரத்துல உயிர் வந்துச்சு. ஆண்டிபயாடிக் ஒண்ணும் எழுதல, சீழோ காய்ச்சலோ இல்லாதப்ப இதுக்கு அது தேவையில்லன்னாரு. இன்னும் ரெண்டு தடவ மருந்து மாத்துனதுக்கும் காசு வாங்கல.

உதட்டோரம் அஞ்சு வாரம் லேசா மரத்துதான் இருந்துச்சு. போறப்பல்லாம் பஞ்சால தொட்டு, ஊசி முனையால குத்தி பாத்து எவ்ளோ எடம்னு ஃபைல்ல படம் போட்டு வச்சாரு, அது சுருங்கிட்டே வந்தத நானே பாத்தேன். எந்த டாக்டர்ட்ட போனாலும் எப்பவாச்சும் சிக்கல் வரும், ஆனா வந்தப்ப ஃபோன எடுக்குற டாக்டர் வேணும்ல, அதுக்காகத்தான் அஞ்சு ஸ்டார் போடுறேன்.

கொறை ஒண்ணுதான், சாயங்காலம் போனா ஒண்ணரை மணி நேரம் உக்காரணும், பார்க்கிங்கும் இல்ல.

எங்க அம்மாவுக்கும் ஒரு பல்லு ஆடுது. கவுண்டர் ஃபார்ம்லயே எலும்பு தேய்மானத்துக்கு ஊசி போட்டிருக்கீங்களான்னு ஒரு கேள்வி இருக்கு, அம்மா வருஷா வருஷம் சொலெட்ரானிக் ஆசிட்னு அந்த ஊசிதான் போடுறாங்க. அந்த மருந்து எடுக்குறவங்களுக்கு பல்லு புடுங்குன எடம் ஆறாம தாடை எலும்பு செத்துப்போக வாய்ப்பு இருக்காம், அதனால எலும்பு டாக்டர்ட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க, அது வரைக்கும் க்ளீனிங் மட்டும் பண்ணலாம்னு சொல்லியிருக்காரு. லெட்டருக்கு வியாழக்கிழமை போறோம்.