‘ரெண்டு மாசக் குட்டி’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

முயல் வாங்கிய ஒரு வாரத்துக்குள் பறிகொடுத்தவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. கடையில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில் சோர்ந்து உட்கார்ந்தது, பின்பக்கம் நனைந்தது, விடிவதற்குள் போய்விட்டது. கடையில் போய்க் கேட்டால், ‘தண்ணி வெச்சீங்களா? அதான்’ என்று பழியை வாங்கியவர் மேலேயே போடுகிறார்கள். தாங்கள்தான் கொன்றுவிட்டோம் என்று வீட்டுப் பிள்ளைகள் அழுகிறார்கள்.

தண்ணீர் முயலைக் கொல்லாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மி.லி. வரை அது குடிக்கும். தண்ணீர் கிடைக்காவிட்டால்தான் தீனி எடுப்பதை நிறுத்தும், குடல் அசைவும் நின்றுபோகும். பெரும்பாலும் குட்டியைக் கொல்வது வயதைப் பற்றிய பொய். 8 வாரம் தாயோடு இருக்க வேண்டியதை 4 வாரத்திலேயே பிரித்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். உள்ளங்கையில் அடங்குவதால் சீக்கிரம் விற்றுப்போகும் என்பதுதான் காரணம். பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவு. பாலிலிருந்து உண்டாகும் கொழுப்பு அமிலங்களே அங்கே கிருமியைத் தடுக்கின்றன. பாலை நிறுத்தியதும் அந்தக் காவல் போகிறது, வளர்ந்த முயலுக்கு உரிய கடும் அமிலமோ இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் பயணம், புது இடம், புதுத் தீனி எல்லாம் சேர்ந்தால் கழிச்சல் கண்டு ஒரே நாளில் உடம்பு வற்றிவிடும்.

‘குள்ள இனம், இதுக்கு மேல வளராது’ என்பதும் இதே பொய்யின் இன்னொரு வடிவம். மிகச் சிறிய இனமான நெதர்லாந்து டுவார்ஃப்கூட வளர்ந்தால் ஒரு கிலோ அளவுக்கு வரும். குட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல் தாயைக் காட்டச் சொல்லுங்கள். பிறந்த தேதியையும் ஆணா பெண்ணா என்பதையும் ரசீதில் எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால் வாங்க வேண்டாம்.

ஆண் பெண் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். ‘ரெண்டும் பெண்’ என்று சொல்லி ஜோடியாகக் கட்டிக்கொடுப்பார்கள். ஆணுக்கு விதைப்பை இறங்கவே 10 முதல் 12 வாரம் ஆகும், ஆகவே குட்டியில் பார்த்துச் சொல்வது எளிதல்ல. சிறிய இனங்கள் 4 மாதத்துக்குள்ளேயே இணை சேரும், சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான். ஈன்ற அன்றே மறுபடி சினைபிடிக்கவும் கூடும். 3 மாதம் ஆகும்போது மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யும் வரை தனித்தனியாக வையுங்கள்.

வாங்கும்போது கூண்டுக்கு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். காதைப் பிடித்துத் தூக்குகிற கடை என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். பின்பக்கம் உலர்ந்திருக்க வேண்டும். முன்னங்கால்களின் உட்புற ரோமம் சடைபிடித்திருந்தால் மூக்கு ஒழுகுவதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். காதுக்குள் பழுப்புப் பொருக்கு இருந்தால் உண்ணிப்பூச்சி. மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் படிந்திருக்க வேண்டும். பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால், கோணலாக இருந்தால் அடிக்கடி வெட்டிவிட வேண்டியிருக்கும்.

கூடவே தலையில் கட்டும் சாமான்களில் பெரும்பாலானவை வேண்டாதவை. வண்ண வண்ணமாக விதையும் தானியமும் கலந்த தீனியில் இனிப்பை மட்டும் பொறுக்கித் தின்று நாரை ஒதுக்கிவிடும். தீனியில் பெரும்பங்கு காய்ந்த புல்லாகவே இருக்க வேண்டும், அது இரவும் பகலும் தீராமல் கிடக்கட்டும். வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 கிராம் பெல்லட் (சிறு குச்சிகளாக அழுத்திய தீனி) தாராளம். கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும். கழிவுத் தட்டில் போடும், நனைந்தால் கட்டியாகும் பூனை மணலைத் தின்றால் குடல் அடைக்கும்.

வயது குறைந்த குட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? கடையில் தின்ற தீனியையே கொடுத்து, ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். புல்லும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும், கீரை இப்போது வேண்டாம். கழிச்சல் தெரிந்தால் அதே மணி நேரத்தில் மருத்துவரிடம் ஓடுங்கள். வளர்ந்த முயலானாலும் 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அவசரம்தான்.

மருத்துவரிடமும் கண் திறந்திருங்கள். நாய்க்கும் பூனைக்கும் நன்றாக வைத்தியம் பார்ப்பவருக்கு முயல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் ஆகிய கிருமிக்கொல்லி மருந்துகளை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் சாகும். தெள்ளுக்கு நாயின் மேல் விடும் ஃபிப்ரோனில் சொட்டுமருந்து முயலுக்கு நஞ்சு. சிறுநீர் சிவந்திருப்பதெல்லாம் ரத்தம் அல்ல, தீனியின் நிறமியாலும் அப்படி ஆகும். பரிசோதிக்காமல் ஊசி போட விடாதீர்கள். கருத்தடை அறுவைக்கு முன் ‘ராத்திரி பட்டினி போடுங்க’ என்றால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். மயக்கத்தில் வாந்தி எடுக்குமோ என்ற பயம் இங்கே வேண்டாம், முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. வயிற்றைக் காயப்போட்டால்தான் குடல் அசைவு நின்றுவிடும்.