ஸ்ஸ்… என்று ஒரு சத்தம்: ஆறு சீசன் பாவித்த ரெகுலேட்டர்

கல்லடியில் இருக்கிற தம்பி ஒருவன் போன மாதம்தான் ஓப்பின் வோட்டர் என்ற தொடக்கச் சுழியோடிக் கோர்ஸ் முடித்தான். முடித்த கையோடு கேட்டான்: “அண்ணன், உங்கட ரெகுலேட்டர் இப்ப விலை குறைஞ்சிருக்காம். அதையே எடுக்கட்டா?” ரெகுலேட்டர் என்றால் சிலிண்டர் காற்றை அழுத்தம் குறைத்து வாய்க்குத் தருகிற சாமான். வட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குள் அடங்கவில்லை.

2019 சீசனுக்கு முன்னர், கட்டாரில் இருந்து லீவில் வந்த மச்சானிடம் சொல்லி எடுப்பித்தது. சிலிண்டரில் பூட்டுகிற பகுதி, அதாவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், பிஸ்டன் வகை; பேலன்ஸ் செய்யாதது, அதாவது சிலிண்டர் காற்று குறையும்போது மூச்சின் லேசும் மாறும்; சிலிண்டர் வால்வைச் சுற்றிக் கவ்வுகிற யோக் பிடி. இந்தக் கட்டு எல்லோரும் அறிந்தது. ஸ்கூபாப்ரோ கம்பனியின் எம்கே2 மாடல் பல பத்தாண்டுகளாக இதே வழியில்தான் வருகிறது. என்னுடையது வேறு கம்பனி, உள்ளே வேலை ஒன்றுதான். அசையும் பாகம் குறைவு, கழற்றிப் பூட்டுவது லேசு.

முதல் இரண்டு சீசனும் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. ரெகுலேட்டருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை. கச்சான் காற்று எழும்ப முதல் போக வேண்டும் என்று விடிய ஐந்தரைக்கே படகேறி, கடலடியில் கிடக்கிற பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்கு எத்தனையோ தரம் இறங்கியிருக்கிறேன். 1942 ஏப்ரல் 9இல் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் தாழ்த்தின அதே நாளில் தாழ்த்தப்பட்ட எண்ணெய்க் கப்பல் அது. ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அதற்கு வேறு பயிற்சி, வேறு சாமான் வேண்டும். சார்ஜன்ட் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டும் ஆழத்தில் கிடக்கிறது. 20 மீற்றரில் சுற்றுமுற்றும் 3 பார் அழுத்தம், ஒவ்வொரு மூச்சும் மேலே எடுப்பதைப் போல் மூன்று மடங்கு காற்றைக் கேட்கும். என் மலிவுச் சாமான் அங்கே ஒருநாளும் திணறியதில்லை.

பேலன்ஸ் இல்லாததை எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். சிலிண்டரில் 200 பார் இருக்கும்போது லேசாக வரும் மூச்சு, 50 பாரை நெருங்கும்போது கொஞ்சம் இழுத்துத்தான் வரும். எனக்கு அது பிடிக்கும். மீன் கூட்டத்தில் மனம் போய் கேஜைப் பார்க்க மறந்த ஒருநாள், மூச்சு கனத்ததை வைத்துத்தான் நேரமாகிவிட்டது என்று அறிந்தேன். அதை நம்பி யாரும் கேஜைப் பார்க்காமல் விட வேண்டாம்.

மூன்றாம் சீசனில்தான் அந்தச் சத்தம் தொடங்கியது.

சிலிண்டரில் பூட்டி, வால்வைத் திறந்து, படகின் பலகையில் சாய்த்து வைப்பேன். நாலைந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு வாயில் வைக்கிற பகுதி, செக்கண்ட் ஸ்டேஜ், மெல்ல ‘ஸ்ஸ்’ என்று ஊதத் தொடங்கும். அதன் முகப்பில் காற்றைத் திறந்துவிடுகிற பேர்ஜ் பொத்தானை ஒருதரம் அமத்தினால் நிற்கும். இன்னும் நாலைந்து நிமிடத்தில் திரும்ப வரும். தண்ணீருக்குள் போனால் இல்லவே இல்லை. மேலே காத்திருக்கும்போது மட்டும் இந்தக் கரைச்சல். இறங்க முன்னமே 10 பார் போய்விடும்.

கொழும்பில் ஓரிடத்தில் கொடுத்தேன். சர்வீஸ் என்று நல்ல காசு வாங்கினார்கள். மூன்று கிழமை கழித்து வந்தது, சத்தம் இல்லை. ஆனால் மூச்சு கல்லாகிவிட்டது. முதல் பாரிலிருந்தே உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது, கரையேறும்போது தாடை வலிக்கும், தலை இடிக்கும். மலிவுச் சாமான் கிழடு தட்டிவிட்டது என்று நானே நினைத்து ஒரு சீசன் முழுக்க அப்படியே பாவித்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

உண்மையைச் சொன்னவர் வாழைச்சேனைப் பக்கம் அலங்கார மீன் பிடிக்கிற ஒரு வயதான சுழியோடி. வாடியில் உட்கார்ந்திருந்தவரிடம் கதையோடு கதையாகச் சொன்னேன். சாமானை வாங்கி ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார். “மகன், நோய் மேல இருக்கு, மருந்து கீழ போட்டிருக்கானுகள்” என்றார்.

அவர் சொன்னது இதுதான். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து, சுற்றியுள்ள அழுத்தத்தைவிட 9, 10 பார் கூடுதலாகக் குழாயில் நிறுத்தி வைக்க வேண்டும். பிஸ்டன் நுனியில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் சீற்றுதான் அந்தக் கதவை மூடுகிறது. அதில் கோடு விழுந்தால் காற்று கசிந்து குழாய் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். ஏறியது எங்காவது வெளியேற வேண்டும். செக்கண்ட் ஸ்டேஜ் வால்வு அந்தப் பக்கமாகத் திறக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, அதனால் ஊதுகிறது. தண்ணீருக்குள் ஒவ்வொரு மூச்சும் அந்த அழுத்தத்தை இறக்கிக்கொண்டே இருப்பதால் தெரியாது. வேலைத்தலத்தில் செய்தது, செக்கண்ட் ஸ்டேஜ் ஸ்பிரிங்கை இறுக்கிச் சத்தத்தை அடக்கியது. சீற்றைத் தொடவே இல்லை.

பீசிடி என்ற மிதவைச் சட்டையை ஊதும் குழாயில் கொளுவுகிற சின்ன அழுத்தக் கேஜ் ஒன்றை எடுப்பித்துப் பார்த்தேன். பேர்ஜை நாலைந்து தரம் அமத்திவிட்டால் முள் ஓரிடத்தில் வந்து நிற்க வேண்டும். என்னுடையதில் 9.5இல் தொடங்கி ஏறிக்கொண்டே போய் 11ஐத் தாண்டியது. பிறகு இன்னொருவரிடம் கொடுத்து, கண் முன்னாலேயே சீற்றும் ஓ-ரிங்குகளும் மாற்றி, ஸ்பிரிங்கையும் தளர்த்தி எடுத்தேன். மாற்றின சீற் ஒரு பருப்பு அளவுதான் இருக்கும். ஆனால் அந்தப் பருப்பு இங்கே எங்கும் இல்லை. 2022இல் டொலர் 200இலிருந்து 350க்கு மேல் ஏறின பிறகு வெளியிலிருந்து எடுப்பிப்பது இன்னும் பெரிய வேலையாகிவிட்டது. திரும்ப மச்சான்தான், திரும்ப லீவுதான், ஐந்து மாதம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கழற்றியபோது காற்று உள்ளே போகும் இடத்து வடிகட்டி பச்சை பிடித்துக் கிடந்தது. உப்புத் தண்ணீர் போயிருக்கிறது. அது என் கைப்பிழை: தூசு மூடியைத் துடைக்காமல் ஈரத்தோடு பூட்டியிருக்கிறேன், வாளியில் ஊறவிட்டபடி பேர்ஜை அமத்தியிருக்கிறேன். அந்த உப்புதான் சீற்றைத் தின்றிருக்கும். முகத்துவாரம் வெட்டி, ஆற்றுத் தண்ணீர் கலங்கி வருகிற நாட்களிலும் நான் இறங்கியதுண்டு. பிஸ்டன் ஸ்பிரிங் வெளித் தண்ணீரில் நனைகிற கட்டு இது. அந்தச் சேறு போகாமல் இருக்காது. பிஸ்டனுக்குப் பதிலாக ரப்பர்த் தகடு வேலை செய்கிற டயஃப்ரம் வகையில் உள் பாகம் மூடியிருக்கும்.

போன கிழமை சீற் மாற்றி வந்த பிறகு பாசிக்குடாவில் ஒருதரம் இறங்கினேன். புதிதாக வந்த நாளில் இருந்த அதே மூச்சு. படகில் இருபது நிமிடம் திறந்து வைத்துக் காதைக் கிட்டக் கொடுத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. நல்ல சாமான். யார் கேட்டாலும் நான் விற்கமாட்டேன்.

ஆனால் தம்பி, நீ இதை எடுக்காதே. பாதி விலைக்கு வந்தாலும் எடுக்காதே. சீற்றையும் ஓ-ரிங்கையும் இந்த நாட்டுக்குள்ளேயே யார் எடுத்துத் தருவான், யார் கேஜ் போட்டுப் பார்த்துப் பூட்டுவான் என்று முதலில் கேள். அவன் கையில் எந்தக் கம்பனி ரெகுலேட்டருக்கு மாற்றுப் பாகக் கிட் இருக்கிறதோ அந்த ரெகுலேட்டரை எடு, பழசானாலும் பரவாயில்லை. நிலாவெளியில் யாரோ பாவித்தது விற்கிறார்கள் என்றாயே, சனிக்கிழமை போவோம். கேஜை நான் கொண்டுவருகிறேன். பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் முள்ளைப் பார்ப்போம். அதற்குப் பிறகு காசைப் பற்றிக் கதை.