டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் செமஸ்டரின் கடைசி வாரங்களும்

2025 கோடை செமஸ்டரை ஜெர்மனியில் லைப்சிக் நகரில் படித்தேன். அடுத்து வரவிருக்கும் தம்பி தங்கைகள் சிலர், நாடு முழுக்க உள்ளூர், வட்டார வண்டிகளில் ஏற உதவும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் எப்படி, அதை வைத்துக்கொண்டு எங்கெல்லாம் போகலாம் என்று கேட்கிறார்கள். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடியும் வரை அதைப் பயன்படுத்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கே போகலாம் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். எப்போது போகலாம் என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உங்கள் மனசுக்கு முக்கியமான இடங்களை முதல் மாதத்திலேயே பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். கடைசிக்கு வையுங்கள்.

விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த டிக்கெட் 2023 மே 1 அன்று மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. மாணவர்களுக்கான செமஸ்டர் டிக்கெட்டின் விலை பொது விலையில் 60 சதவீதம். நான் படித்தபோது மாதம் 34.80 யூரோ, ஆறு மாதத்துக்கு 208.80. உங்கள் பல்கலைக்கழகம் இந்தத் திட்டத்தில் இருந்தால் செமஸ்டர் கட்டணத்திலேயே அது சேர்ந்து வந்துவிடும். நாடு முழுக்க ஊர் பஸ், டிராம், யூ-பான் (நகரச் சுரங்க ரயில்), எஸ்-பான் (புறநகர் ரயில்), ஆர்.பி., ஆர்.இ. வட்டார ரயில்களில் இரண்டாம் வகுப்பில் ஏறலாம். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் செல்லாது.

முதல் இரண்டு மாதம் எல்லாரும் போகிற வழியில்தான் நானும் போனேன். சனிக்கிழமை காலை கூட்டமாகக் கிளம்பி டிரெஸ்டன், அங்கிருந்து எஸ்1 பிடித்து ராத்தன், மேலே ஏறினால் 1851-இல் கட்டிய பாஸ்டை கல்பாலம், படங்கள், ராத்திரி ரயில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புது ஊரில் நட்பு அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. ஆனால் லைப்சிக்–டிரெஸ்டன் பாதைதான் ஜெர்மனியின் முதல் நெடுந்தூர ரயில் பாதை, 1839-இல் முழுதாகத் திறந்தது என்று நான் படித்தது ஜூலையில். அதற்குப் பிறகு போனபோது, ரீசா ஊரை ஒட்டி எல்பே ஆற்றைக் கடக்கையில் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

ஜூலை நடுவில் வகுப்புகள் முடிந்தன. பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்கள் பலர் தேர்வு முடிந்த கையோடு பெட்டி கட்டினார்கள். விடுதிச் சமையலறையில் அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. எனக்கு ஒரு ஹவுஸ்ஆர்பைட், அதாவது வீட்டில் எழுதிக் கொடுக்கும் செமஸ்டர் கட்டுரை, மிச்சமிருந்தது. செப்டம்பர் கடைசியில் கொடுத்தால் போதும். கோடை செமஸ்டர் கணக்கில் முடிவது செப்டம்பர் 30-இல். டிக்கெட்டும் அதுவரை செல்லும். குளிர்கால செமஸ்டரில் இதே இடைவெளி பிப்ரவரிக்கும் மார்ச் 31-க்கும் நடுவில் வரும். விசாத் தேதியும் அறை வாடகையும் இடம் கொடுத்தால் இந்த வாரங்களை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சியே சொல்வேன்.

என் கட்டுரை, வைமார் நகரை ஒட்டி நாஜிகள் நடத்திய புகென்வால்ட் வதைமுகாமின் நினைவிடத்தைப் பற்றியது. வைமாருக்கு மே மாதமே வகுப்புத் தோழர்களோடு போயிருந்தேன்: ஜெர்மன் எழுத்தாளர்கள் கோதே, ஷில்லர் இருவரின் வீடுகள், நாடக அரங்கின் முன்னால் இருவரும் சேர்ந்து நிற்கும் சிலை. ஆகஸ்டில் தனியாகப் போனேன். இந்த முறை ஊருக்குள் நடக்கவில்லை. ரயில் நிலையத்திலிருந்தே 6-ஆம் எண் நகரப் பேருந்து. அதற்கும் இதே டிக்கெட்தான். நினைவிடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

எட்டர்ஸ்பெர்க் மலைமேல் முகாமுக்கு ஏறும் சாலையைப் போட்டவர்கள் கைதிகளே. 1937 முதல் 1945 வரை சுமார் 2,80,000 பேர் அங்கேயும் அதன் துணை முகாம்களிலும் அடைக்கப்பட்டார்கள்; அவர்களில் சுமார் 56,000 பேர் இறந்தார்கள். இந்த எண்கள் ஏப்ரலிலிருந்தே என் குறிப்பேட்டில் இருந்தன. மலைமேல் நின்றால் கண்ணில் படுவது ஒரு பெரிய வெற்றுச் சரிவு. மரக்குடில்கள் இருந்த இடங்களைக் கல் பரப்பிக் காட்டியிருக்கிறார்கள். வாசல் கோபுரத்துக் கடிகாரம் 3:15-இல் நிற்கிறது, 1945 ஏப்ரல் 11 பிற்பகலில் விடுதலை வந்த நேரம். கைதிகளை நிறுத்தி எண்ணிய மைதானத்தில் தரையோடு பதித்த ஓர் உலோகத் தகடு இருக்கிறது, 1995-இல் வைத்தது. அங்கே அடைபட்டவர்கள் எந்தெந்த நாட்டினர், எந்தெந்த இனத்தவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். ஆண்டு முழுக்க அதை 37 டிகிரியில், உயிருள்ள உடம்பின் சூட்டில், வைத்திருக்கிறார்கள். அன்று தூறல். சுற்றியிருந்த கல்லெல்லாம் சில்லென்று இருந்தது. குனிந்து தகட்டின் மேல் கை வைத்தேன். இதைப் பற்றி நான் படித்திருந்தேன், வகுப்பில் பேசியும் இருந்தேன். ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை.

1945-க்குப் பிறகு அதே இடத்தை சோவியத் நிர்வாகம் 1950 வரை சிறை முகாமாக வைத்திருந்தது. 7,000-க்கும் மேற்பட்டோர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். அவர்களைப் புதைத்த காட்டில் இப்போது எஃகுத் தூண்கள் நிற்கின்றன. கிழக்கு ஜெர்மனி இருந்தவரை இதைப் பொதுவில் பேச வழியில்லை. ஒரு நினைவு இன்னொன்றை மறைக்காமல் இரண்டையும் ஒரே இடத்தில் எப்படிக் காப்பது என்பதுதான் என் கட்டுரையின் கேள்வி. அங்கே அது கால்நடையாகக் கடக்கும் தூரமாக இருந்தது: மைதானம், சரிவு, பிறகு மரங்கள். ஏப்ரலில் வந்திருந்தால் வெற்றுச் சரிவை வெறும் சரிவாகத்தான் பார்த்திருப்பேன். ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்ததும், அறிவிப்புப் பலகையை அகராதி இல்லாமல் வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்ட ஜெர்மனும் இருந்ததால்தான் அந்த இடம் எனக்குப் பேசியது. இங்கே போகிற நாளில் வேறு எந்த ஊரையும் சேர்க்காதீர்கள்.

திரும்பும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். லைப்சிக்–எர்ஃபுர்ட் விரைவு ரயில்களுக்கு 2015 டிசம்பரில் புதுப் பாதை திறந்தார்கள், சுரங்கமும் நீண்ட பாலங்களுமாக. அது வைமார் பக்கமே வருவதில்லை. நம் டிக்கெட் செல்லும் வண்டி பழைய பாதையில், இல்ம், ஸாலே ஆறுகளின் கரையோரமாக, பாட் சுல்சா, பாட் கோசன், நௌம்பூர்க் என்று நின்று நின்று வருகிறது; சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். அன்று எனக்கு உடனே அறைக்குப் போக மனமில்லை. நௌம்பூர்க்கில் இறங்கி, அடுத்த வண்டியை விட்டு அதற்கடுத்ததில் ஏறினேன். குறிப்பிட்ட ரயிலோடு கட்டிப்போடாத டிக்கெட் என்பதால் இப்படிச் செய்ய முடிகிறது. முதல் மாதம் வகுப்பில் வாய் திறக்கவே கூசியதும், ஜூனில் ஒருநாள் பேராசிரியரை மறுத்துப் பேசியதும், அவர் அதைக் கரும்பலகையில் எழுதி விவாதத்துக்கு எடுத்ததும் நினைவுக்கு வந்தன. கட்டுரையின் முன்னுரையை அந்த ரயிலில்தான் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். என் செமஸ்டரின் நல்ல மணி நேரங்களில் அது ஒன்று.

செப்டம்பரில் போலந்து எல்லையிலுள்ள கோர்லிட்ஸ். டிரெஸ்டனில் மாறிப் போக வேண்டும். மத்திய ஐரோப்பிய நேரத்தைக் கணக்கிடும் 15 பாகை கிழக்குத் தீர்க்கரேகை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 1945-இல் தகர்ந்த பழைய நகரப் பாலத்தை 2004-இல் மீண்டும் கட்டினார்கள். நடந்தே போலந்துக்குள் போய்விடலாம். எல்லையில் சோதனை இருக்கலாம். பாஸ்போர்ட்டும் வசிப்பு அனுமதி அட்டையும் கையில் இருக்கட்டும்.

குறைகளும் இருக்கின்றன. விடுமுறை வார இறுதியில் நின்றுகொண்டே போக நேரிடும். தண்டவாள வேலை நடக்கும் நாளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், பயணம் இரட்டிப்பாகும். உங்கள் வண்டி தாமதமானால் செலவில்லாமல் ஐ.சி.இ.க்கு மாறும் உரிமை இந்த டிக்கெட்டுக்கு இல்லை. ஆகவே அன்றைய கடைசி இணைப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள், அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். டிக்கெட் போனில் இருப்பதால் சார்ஜ் தீர்ந்தால் பரிசோதகரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. சிறிய பவர்பேங்க் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். சைக்கிளுக்கு பெரும்பாலான இடங்களில் தனி டிக்கெட்.

செமஸ்டர் டிக்கெட் தானாகவே முடிந்துவிடும். வெளியே சந்தாவாக எடுத்தவர்கள் கிளம்பும் மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதப் பணமும் கணக்கிலிருந்து போகும். நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்கும் அப்மெல்டுங்கை வெளியேறுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம். வெளியேறிய பின் இரண்டு வாரம் வரை அவகாசம் உண்டு. எனவே செப்டம்பர் முழுவதையும் அலுவலக வரிசைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வேலையெல்லாம் கடைசி வாரத்தில் அடங்கும்.