கொழும்பில் ஆசியவியல் பொதுவிரிவுரைகள்: பல வருடம் போய்வந்தவனின் அனுபவம்

பஸ் காசைத் தவிர வேறு செலவில்லாமல் மாலை நேரத்தில் உருப்படியாக ஏதாவது கேட்கவேண்டும் என்றால், கொழும்பு 7, 8 பக்கம் போகலாம். பல்கலைக்கழகமும், அதைச் சுற்றியுள்ள ஆய்வு நிலையங்களும், சில தூதரகங்களின் பண்பாட்டு மையங்களும் ஆசிய வரலாறு, அரசியல், மொழி, சமயம் பற்றிப் பொதுவிரிவுரைகள் வைக்கின்றன. பெரும்பாலும் இலவசம்தான். நான் வரலாறு படித்தவன் இல்லை, கணக்கியல் வேலை. அலுவலகம் முடிந்து வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியில் எட்டிப் பார்க்கத் தொடங்கியது, இப்போது பழக்கமாகிவிட்டது. எதற்குப் போகலாம், எதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்பது இத்தனை காலத்தில் ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் இந்து சமுத்திரமும் வல்லரசுப் போட்டியும் சேர்ந்து வந்தால் நான் இப்போது போவதில்லை. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போன பிறகு இந்த வகைக் கூட்டங்கள் பெருகிவிட்டன. பேச்சாளர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதே வரைபடம், அதே அம்புக்குறிகள், கடைசியில் இலங்கை எல்லோருடனும் சமநிலையாக நடந்துகொள்ள வேண்டும் என்ற அதே அறிவுரை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியபோது கொஞ்ச நாள் காற்று மாறி வீசியது. சீனக் கடனைப் பற்றி மட்டுமே பேசிய மேடைகளில், சர்வதேசப் பிணைமுறிச் சந்தையில் வாங்கிய கடனைப் பற்றியும் வட்டிவீதத்தோடு பேச ஆட்கள் வந்தார்கள். கணக்குக்காரனான எனக்கு அவை பிடித்திருந்தன. பிறகு மெல்ல மெல்லப் பழைய அம்புக்குறிகளே திரும்பி வந்தன.

அதே சீனாவையும் அதே இலங்கையையும் பற்றி ஒரு வரலாற்று ஆசிரியர் பேசினால் கதை வேறு. றப்பர்–அரிசி உடன்படிக்கை பற்றிக் கேட்ட உரை இன்னும் மனதில் நிற்கிறது. 1952இல் ஐந்து வருடத்துக்குப் போட்ட ஒப்பந்தம் அது. வருடத்துக்கு 50,000 தொன் றப்பர் இங்கிருந்து போகும், 270,000 தொன் அரிசி அங்கிருந்து வரும். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் கையெழுத்திட்டது இடதுசாரி அரசாங்கம் அல்ல, டட்லி சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். அரிசிக்குத் தட்டுப்பாடு, றப்பர் விலையோ விழுந்துகொண்டிருந்தது, வேறு வழியில்லை. இரண்டு நாடுகளுக்கும் இடையில் தூதரக உறவு 1957இல்தான் தொடங்கியது. முதலில் அரிசி, அப்புறம்தான் தூதுவர். இந்த ஒரு மணித்தியாலத்தில் எனக்குக் கிடைத்ததைப் பத்து வல்லரசுப் போட்டிக் கூட்டங்கள் தரவில்லை.

என் ருசிக்குச் சிறந்தவை கல்வெட்டும் கடல்வணிகமும் பற்றிய உரைகள். காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பற்றியே வெவ்வேறு ஆட்கள் பேசக் கேட்டிருக்கிறேன், அலுக்கவில்லை. மிங் அரசின் கடற்படைத் தளபதி செங் ஹே சீனாவிலேயே பொறித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கல் அது. அதிலுள்ள திகதி 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தென்கரையிலுள்ள தெவிநுவரையின் தெய்வமான தெனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. காணிக்கைப் பட்டியலில் 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று நீளமாகப் போகும். யாருக்குக் கொடுத்தாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சாமிக்குக் கூட, இன்னொரு சாமிக்குக் குறைய என்று வைக்கவில்லை. 1911இல் இந்தக் கல்லைக் கண்டெடுத்தபோது காலியில் ஒரு மதகை மூடியபடி கிடந்ததாம்.

நல்ல பேச்சாளர் இதோடு நிறுத்தமாட்டார். 1411இல் இதே செங் ஹே இங்கே சண்டை பிடித்து, அன்று ஆட்சியில் இருந்த அளகேஸ்வரனைச் சிறைபிடித்து நாஞ்சிங்குக்குக் கொண்டுபோனார். கல்லை மட்டும் பார்த்தால் மூன்று சமயத்துக்கும் மரியாதை செய்த கனவான். அடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் வேறு ஆள். நட்புறவைக் கொண்டாடும் வைபவங்களில் முதல் பாதியை மட்டும் சொல்லி மாலை போட்டு முடித்துவிடுவார்கள். இரண்டாம் பாதியையும் சொல்கிறாரா என்று பார்த்துத்தான் நான் பேச்சாளரை எடைபோடுவது.

ஒருமுறை கேள்வி நேரத்தில் யாரோ எழுந்து, தெற்கில் வைக்கப் போகிற கல்லில் ஏன் தமிழ் என்று கேட்டார். பேச்சாளர் வரைபடத்தை மாற்றிப் போட்டார். சுமாத்திராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சீனாவின் சுவாஞ்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, நம் பொலநறுவையில் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் தமிழிலேயே பொறித்த சாசனம். வங்காள விரிகுடாவைச் சுற்றி வியாபாரம் செய்தவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இருக்க முடியாது என்பது அவர் பதில். பக்கத்துக் கதிரையில் இருந்த வயதானவர் என்னிடம் குனிந்தார்.

“தம்பி, தெவிநுவரைக்குப் போயிருக்கிறீரா?”

“இல்லை ஐயா.”

“போய்ப் பாரும். 1588இல போர்த்துக்கேயர் உடைச்ச கோயில். இப்பவும் அங்க விஷ்ணு தேவாலயம் இருக்கு. நான் மாத்தறைக் கச்சேரியில வேலை செய்தனான், எசலப் பெரஹராவுக்கு ஒவ்வொரு வருசமும் போவம்.”

இந்தப் பக்கத்துக் கதிரைக்காரர்கள்தான் இந்தக் கூட்டங்களின் பாதிப் பெறுமதி. ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், தூதரக ஆட்கள், முதுகலை மாணவர்கள். கேள்வி என்று ஒலிவாங்கியை வாங்கிப் பத்து நிமிடம் தன் சுயசரிதை சொல்பவரும் கட்டாயம் இருப்பார், அவரைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த மும்மொழிக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உரைகள் பெரும்பாலும் மாலை நாலரை, ஐந்து மணிக்குத் தொடங்கும், அருங்காட்சியகமோ ஐந்துக்கு மூடிவிடும். ஆகவே அரைநாள் லீவு கிடைத்தால் முதலில் கல்லைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. நடை தூரத்தில்தான் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் மகாவலி நிலையக் கட்டடம். 1845இல் தொடங்கிய ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை, இன்றைய அரச ஆசியக் கழகம், அங்கேதான் இயங்குகிறது. வீதியின் பெயருக்குரிய கலை வரலாற்று அறிஞர் கொழும்பில் பிறந்ததும் 1877, அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும் 1877. கின்சி டெரசில் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம், பௌத்தாலோக மாவத்தையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபம் என்று மற்ற இடங்களும் அதிகத் தொலைவில் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கி நடந்தே தும்முல்லைச் சந்திக்கு வந்துவிடலாம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை வந்தால் ஓட்டோ கிடைக்காது, குடை வேண்டும். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். உள்ளே குளிரூட்டி நடுங்கவைக்கும்.

கொரோனா காலத்திலும் 2022 எரிபொருள் வரிசைக் காலத்திலும் எல்லாம் சூமுக்குப் போனது. வசதிதான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்தவர்கள் முதல்தடவையாகக் கேட்க முடிந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் மின்வெட்டில் பாதி உரை போய்விடும், பக்கத்துக் கதிரையும் கிடையாது. இப்போதும் சில இடங்களில் பதிவை யூடியூபில் போடுகிறார்கள்; பேச்சாளர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும், கேள்விகள் சுத்தமாகக் கேட்காது.

எனக்குள்ள பெரிய மனக்குறை மொழிதான். உரைகள் அநேகமாக ஆங்கிலத்தில். பெரிய நிகழ்வுகளில் சிங்கள, தமிழ் உரைபெயர்ப்பு உண்டு என்று அழைப்பிதழில் போடுவார்கள். ஒரு நிகழ்வில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அமர்ந்தால் தமிழ் அலைவரிசையில் ஒரு சத்தமும் இல்லை. உரைபெயர்ப்பாளர் வரவில்லை என்று தேநீர் இடைவேளையில்தான் சொன்னார்கள், அதுவும் கேட்டபிறகு. ஆசியா முழுவதும் கல்லில் கிடக்கிற மொழி, அதைப் பற்றிப் பேசும் அறையில் கிடைப்பதில்லை. தமிழ் அமைப்புகளின் கூட்டங்களிலோ மொழி இருக்கிறது, ஆசியா இல்லை. வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து பேச்சாளரின் முறை வரும்போது கடைசி பஸ்ஸைப் பற்றிய யோசனை வந்துவிடும். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இந்தத் தீவிலிருந்து போனவர். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு வித்திட்டு, 1966இல் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியவர். தமிழையும் தென்கிழக்காசியாவையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த அந்தப் பார்வைக்குக் கொழும்பில் தமிழில் ஒரு தொடர் விரிவுரை வைத்தால் என்ன என்று ஒவ்வொரு கருத்துப் படிவத்திலும் எழுதிக் கொடுக்கிறேன். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கிறது, உரைக்கு முன்னும் பின்னும் படிக்க விரும்புகிறவர்களுக்கு உதவும்.

அதுவரை நான் செய்வது, கேள்வியைத் தமிழில் கேட்பது. யாராவது ஒருவர் எழுந்து ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார், ஒருவரும் முகம் சுளித்ததில்லை. பேச்சாளர் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தவரானால் சில வேளை பதிலும் தமிழிலேயே வரும். அப்போது காதுக்கருவியைத் தேடுவது மற்றவர்கள்.