நுண்ணோக்கியின் கண் அளவுகோலுக்கு மதிப்பு தருவது எது?

நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லைக்குள் தெரியும் கண் அளவுகோலின் 100 பிரிவுகளுக்குத் தமக்கென ஓர் அளவு கிடையாது; பொருளருகு வில்லையை மாற்றினால் ஒரு பிரிவின் மதிப்பும் மாறிவிடும். மலப் பரிசோதனை செய்யும் ஆய்வகத்தில் இது நோயறிதலையே தொடும் விஷயம். சீதபேதி உண்டாக்கும் அமீபாவான எண்டமீபா ஹிஸ்டாலிடிகாவின் சிஸ்ட் (உறை சூழ்ந்த நிலை) பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். நோய் விளைவிக்காத இன்னோர் அமீபாவான எண்டமீபா ஹார்ட்மன்னியின் சிஸ்ட் 10 மைக்ரானுக்குக் கீழே நிற்கும். (10-ஐத் தாண்டியது ஹிஸ்டாலிடிகாவா, அதைப் போலவே தோன்றும் தீங்கற்ற எண்டமீபா டிஸ்பாரா என்பதை அளவு சொல்லாது.)

ஒரு பிரிவின் மதிப்பை அறிய ஸ்டேஜ் மைக்ரோமீட்டரே என் முதல் தேர்வு. 1 மி.மீ. நீளம் 100 பிரிவுகளாகக் கீறப்பட்ட கண்ணாடி ஸ்லைடு அது. ஒரு பிரிவு 10 மைக்ரான். இரண்டு அளவுகோல்களின் தொடக்கக் கோடுகளையும் பொருத்திவிட்டு, இயன்ற அளவு தொலைவில் மீண்டும் ஒன்றுபடும் கோட்டைத் தேட வேண்டும். 40 மடங்கு வில்லையில் கண் அளவுகோலின் 80 பிரிவுகள் ஸ்டேஜின் 20 பிரிவுகளோடு பொருந்தினால், 200-ஐ 80-ஆல் வகுக்க ஒரு பிரிவு 2.5 மைக்ரான். அதிக உருப்பெருக்கத்தில் ஸ்டேஜ் கோடுகளே தடித்துத் தெரியும் என்பதால், எப்போதும் கோட்டின் இடது விளிம்பை இடது விளிம்போடு வைத்தே பார்க்க வேண்டும். இங்கே கவனம் தவறினால் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும்.

ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் இல்லாத இடத்தில், இரத்த அணுக்களை எண்ணும் நியூபாவர் சேம்பர் கைகொடுக்கும். மேம்படுத்தப்பட்ட வகையில், மூன்று மூன்றாக நெருங்கி வரும் கோடுகளின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த நடுக்கோடு வரை 0.2 மி.மீ. ஆனால் அதன் தடித்த கண்ணாடி காரணமாக 100 மடங்கு எண்ணெய் வில்லைக்கு அது உதவாது. சிவப்பணுவின் 7–8 மைக்ரானை அளவாகக் கொள்வதை நான் ஏற்பதில்லை; உலர்த்தும் விதத்தைப் பொறுத்து அது சுருங்கும்.

வில்லையில் பொறித்த உருப்பெருக்கத்தை வைத்துக் கணக்கிடுவது எளிதுதான், ஆனால் பொறித்த எண்ணும் உண்மை உருப்பெருக்கமும் சற்றே வேறுபடலாம். நான்கு பிரிவுகள் நீளும் சிஸ்ட் 2.5 என்ற மதிப்பில் 10 மைக்ரான், 2.3-இல் 9.2, முடிவே மாறிவிடும்.

கேமராவும் இமேஜ்ஜே மென்பொருளும் வசதியானவை என்றாலும், பிக்சலுக்கு மதிப்பு தர மறுபடியும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரின் படமே வேண்டும். படத்தின் பிக்சல் அளவைச் சுருக்கினால் அந்த மதிப்பும் செல்லாது. கண்ணருகு வில்லையை மாற்றிய நாளில் பழைய மதிப்புகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு பொருளருகு வில்லைக்கும் புதிதாக அளந்து, நுண்ணோக்கியின் அருகிலேயே எழுதி ஒட்ட வேண்டும்.